பாட்டிலில் குமிழி நின்றபோது

போன மாதம் வசந்தி போன் செய்தாள். பத்து வருடம் என்னோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள், இப்போது அந்த வார்டுக்கே பொறுப்பு. நலம் விசாரித்த கையோடு, "அக்கா, புது சார்ட் வந்திருக்கு. நெஞ்சுல டியூப் போட்டவங்களுக்கு இனிமே நாலு வரி எழுத வேணாமாம். குமிழின்னு ஒரு கட்டம், உண்டு, இல்லைன்னு ரெண்டு பொட்டி. டிக் அடிச்சா முடிஞ்சிது" என்றாள். வேலை குறைந்த சந்தோஷம் அவள் குரலில் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லைன்னு டிக் அடிச்சா இன்னாடி அர்த்தம்? நுரையீரல் ஆறிப்போச்சின்னு அர்த்தமா, டியூப் அடைச்சிக்கிச்சின்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"இங்க அத கேக்க ஆளில்லக்கா. நீங்க எழுதிக் குடுங்க, நான் எல்லாரயும் படிக்க வெக்கிறேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயர் ஆகி, சாரம் பகுதியில் வீட்டோடு இருக்கிறேன், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? ஆனாலும் ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் செய்த காரியம் என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலில் ஓட்டை விழுந்தால், இழுக்கிற மூச்சு அந்த ஓட்டை வழியாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் போய்த் தங்கும். தங்கிய காற்று நுரையீரலை அமுக்கிச் சுருக்கிவிடும். அதை வெளியேற்ற, விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியபடி வைப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும். தண்ணீர் மறித்து நிற்பதால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. அவ்வளவுதான் அந்தச் சாதனம். பேட்டரி கிடையாது, திரை கிடையாது, அலாரம் கிடையாது. பக்கத்தில் நிற்கிற நர்ஸின் கண்தான் அலாரம்.

எனக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தவர் எங்கள் ஹெட் நர்ஸ் ஜோசபின். நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். குடும்பத்தில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட, இங்கேயே தங்கிவிட்டவர். நோயாளி எந்த நிலையில் வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். டாக்டர்கள்மேல் கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு வரும், அதுவும் அடிக்குரலில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குழாயின் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் முங்கியிருந்தது.

"ஊது" என்றார்.

ஊதினேன். சுலபமாகக் குமிழி வந்தது. குழாயை அடிவரைக்கும் தள்ளினார். "இப்ப ஊது." கன்னம் உப்பிக் காது அடைத்ததுதான் மிச்சம், அரைகுறையாக நாலு குமிழி வந்தது.

"ஒனக்கு ரெண்டு நுரையீரல் இருக்கு, காலையில இட்லி வேற தின்னிருக்க. டியூப் போட்டவரு ஒண்ண வெச்சிக்கினு மூச்சு வாங்குறாரு. அவுர போயி இந்த ஆழத்துல ஊதச் சொல்லுவியா?"

அன்றிலிருந்து குழாய் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று அளக்காமல் எந்த பாட்டிலையும் நான் தாண்டிப் போனதில்லை. அடுத்து, ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் பாட்டிலையே பார்க்க வைத்தார். பார்த்ததை எழுது என்றார். 'குமிழி வருகிறது' என்று எழுதிக் காட்டினேன். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. "எப்ப வருது? இருமுனா வருதா, மூச்சு வுடும்போதெல்லாம் வருதா, நிக்காம வருதா? சின்னதா, பெருசா? குழாய்க்குள்ள தண்ணி ஏறி எறங்குதா? இத்தினி இருக்கு, நீ ரெண்டு வார்த்தயில முடிச்சிட்ட!"

பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. சின்னக் குமிழி உருண்டையாக நேரே ஏறும். பெரியது தட்டையாகி, இப்படியும் அப்படியும் ஆடி ஏறி உடையும். இருமும்போது மட்டும் வந்தால் ஓட்டை சிறியது, ஆறிக்கொண்டிருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் வந்தால் இன்னும் நாள் எடுக்கும். நிற்காமல் வந்தால் ஓட்டை பெரியது, இல்லாவிட்டால் குழாய் எங்கேயோ கழன்றிருக்கிறது. நெஞ்சுக்குப் பக்கத்தில் குழாயை ஒரே ஒரு விநாடி விரலால் நசுக்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். குமிழி நின்றால் ஓட்டை நெஞ்சில், நிற்காவிட்டால் கசிவு குழாயில். ஒரு விநாடிக்கு மேல் நசுக்கினால் மதாமின் கை நம் மணிக்கட்டில் விழும். பட்டென்று விழும், வலிக்கும்.

குமிழி நின்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். குமிழி நின்று, குழாய்க்குள் தண்ணீர் மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கினால் நல்லது. தண்ணீரும் அசையாமல் நின்றால் முதலில் குழாயைத் தடவிப் பார். எங்கேயோ மடிந்திருக்கும், அடைத்திருக்கும், நோயாளியே அதன்மேல் படுத்திருப்பார்.

மதாம் ஓய்வு பெற்றுப் போய் வெகுகாலம் கழித்து வந்தவர் யூசுப் பாய். டவுனில் தையல் கடை வைத்திருந்தவர், ஐம்பது வயது, ஒல்லியான உயரமான உடம்பு. பழைய காசநோய் நுரையீரலில் விட்டுப்போன தழும்பு ஒருநாள் கிழிந்துகொண்டது. டியூப் போட்டு எட்டு நாளாகியும் குமிழி நிற்காமல் வந்தது. அவர் மனைவி மும்தாஜ் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வார்டில் வீட்டு ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டிலில் ரத்தமும் நீரும் தெரிவதைப் பார்க்கச் சகிக்காமல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். நாங்கள் போய் எடுக்க எடுக்க, திரும்ப மூடுவார்கள். மும்தாஜ் ஒருவர்தான் மூடாதவர்.

"எப்ப சிஸ்டர் வூட்டுக்குப் போலாம்?" என்று தினமும் கேட்பார். ஒருநாள் மருந்து ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில், "குமிழி நின்னா வூட்டுக்குத்தாம்மா" என்றேன். அவசரத்தில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைராசிக்காரர் என்று பெயர், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நர்ஸின் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது. நான் பக்கத்தில் நிற்கும்போதே சின்ன டாக்டரிடம், "சிஸ்டர்கிட்ட சொல்லு" என்பார். ஒருமுறை எக்ஸ்ரேவுக்குப் போகும் வழியில் ஒரு நோயாளியின் பாட்டில் சாய்ந்து உடைந்து, அந்த நேரம் பார்த்து வந்த மேலதிகாரி ஒருவர் முன்னால் அவருக்கு மானம் போயிற்றாம். அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார். டியூப் போட்டவர்களை எங்கே தள்ளிக்கொண்டு போனாலும் கிளாம்ப் மாட்டித்தான் போக வேண்டும். குழாயை நெரித்து மூடுகிற இடுக்கி அது. குமிழி வராத நோயாளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குமிழி வருகிற நோயாளிக்கு அது கழுத்தைப் பிடிக்கிற காரியம். மதாம் இருந்திருந்தால் அந்த இடுக்கியையும் உத்தரவையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பார். நாங்கள் இரண்டு கிளாம்பைத் துணியால் ட்ரோலியிலேயே கட்டித் தொங்கவிட்டுக்கொண்டோம். வெட்கக்கேடு.

ஒருநாள், வார்டுக்கே வந்து எக்ஸ்ரே எடுக்கிற மெஷின் ரிப்பேர். காலை ரவுண்டில் டாக்டர், மாணவர்கள் சூழ யூசுப் பாயின் கட்டிலுக்கு வந்தார். "கீழ அனுப்பி ஒரு படம் எடு. கிளாம்ப் பண்ணி அனுப்பச் சொல்லு."

"சார், பாய்க்கு நிக்காம குமிழி வருது. மூடிட்டா காத்து உள்ளயே சேந்துடும் சார்" என்றேன்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். பிறகு மாணவர்களிடம் திரும்பி, "நோட்டு எடுத்துக்குங்கப்பா, சிஸ்டர் கிளாஸ் எடுக்குறாங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் நான் சுருண்டுபோனேன். இத்தனை வருடம் வேலை பார்த்தவள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது போல நின்றேன். பிறகு குனிந்து, என் கையால், ஒன்றுக்கு இரண்டாகக் கிளாம்பை மாட்டினேன். பாட்டிலில் ஏறிக்கொண்டிருந்த கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

கூடவே போயிருக்க வேண்டும். அடுத்த கட்டிலுக்குக் கட்டுப் பிரிக்க என்னை நிறுத்திக்கொண்டார் டாக்டர். ட்ரோலியைத் தள்ளிக்கொண்டு போனவர் ஏழுமலை, எங்கள் வார்டு அட்டெண்டர், கான்ட்ராக்ட் ஆள். தவளக்குப்பம் பக்கம் கிராமம், விடிவதற்குள் கொல்லியில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு பஸ் ஏறி வருபவர். சரிவுப் பாதையில் இறக்கி, அடுத்த கட்டிடத்தைச் சுற்றி, எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போனால் வரிசை. முறைப்படி பாய்தான் அடுத்தவர். அதற்குள் யாரோ ஒரு பெரிய மனிதரின் மச்சினராம், முழங்கால் சுளுக்காம், நடந்து வந்தவர் நேரே உள்ளே போனார். ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று.

அந்த வரிசையில் நின்றபோதுதான் மும்தாஜ் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். குமிழி இல்லை! பக்கத்தில் நின்ற அத்தனை பேரிடமும் பாட்டிலைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போன் போட்டு, "அல்லா கண்ணத் தொறந்துட்டான், குமிழி நின்னுடுச்சி, அத்தாவுக்கு ரூம கூட்டி வை" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். பாய் முதலில் புரண்டிருக்கிறார், சட்டைக் காலரைப் பிய்த்திருக்கிறார், பிறகு அடங்கிவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து மும்தாஜ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டார்.

சந்தேகப்பட்டவர் ஏழுமலை ஒருவர்தான். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, பாட்டிலை மும்தாஜ் கையில் கொடுத்து, "கீழயே புடிச்சிக்கோங்கம்மா, தூக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அத்தனை தூரமும் ஓடி வந்தார். "சிஸ்டர், பாய் ஒரு மாதிரி கெடக்குறாரு. கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிக்கிச்சி. ஒடனே வாங்க!"

கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் மும்தாஜ் உதட்டில் விரல் வைத்து, "மெதுவா சிஸ்டர், இப்பதான் கண்ணசந்தாங்க" என்றார்.

பாயின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. உள்ளே சேர்ந்த காற்று தள்ளியதில் தொண்டையில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. முதல் கிளாம்பைக் கழற்றினேன். இரண்டாவது பிடித்துக்கொண்டு வர மறுத்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். விட்டதுதான் தாமதம், பாட்டில் உலை கொதிப்பதுபோலக் கொதித்தது. குமிழி குமிழியாக இல்லை, ஒரே பாய்ச்சல். தண்ணீர் மூடிவரைக்கும் எகிறித் தெறித்தது. அத்தனை காற்றையும் அந்த மனிதர் நெஞ்சுக்குள் அடைத்து வைத்தவள் நான். மும்தாஜ் அலறினார். குமிழி திரும்ப வந்ததற்காகத்தான் அலறினார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பாய் பிழைத்தார். நான்கு நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார்.

இனிதான் என் வயிறு எரிகிற பகுதி. மூன்றாம் நாள் ஒரு அறிக்கை தயாராகிவிட்டது. அட்டெண்டர் கவனக்குறைவாகப் பாட்டிலை நோயாளியின் நெஞ்சுக்கு மேலே தூக்கினார், தண்ணீர் உள்ளே போய்விட்டது, அதனால் மூச்சுத் திணறல். கிளாம்ப் என்ற சொல்லே அதில் இல்லை. ஏழுமலையை வேலைக்கு வரவேண்டாம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓடி வந்து உயிரைக் காப்பாற்றிய மனிதனுக்கு இந்தப் பட்டம்! பூசி மெழுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அன்று மத்தியானம் ஏழுமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "நான் பாட்டில தூக்கல சிஸ்டர். ஒங்களுக்குத் தெரியும் இல்ல? நாளக்கி விசாரணையாம், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். ஊர்ல எல்லாம் நான் ஆளக் கொன்னுட்டேன்னு பேசிக்கிறாங்கோ."

மறுநாள் விசாரணைக்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "உங்க பேர் எங்கயும் வரல சிஸ்டர். நீங்க ஒண்ணும் பேச வேணாம். அந்த ஆள் கான்ட்ராக்ட்தானே, வேற எங்கயாவது சேந்துக்குவான்."

பேசாமலிருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கும் பயம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்து, "ஏழுமலை பாட்டில தூக்கல சார். தண்ணி உள்ள போகல, காத்து வெளிய வரல. கிளாம்ப் போட்டது நான்" என்றேன்.

"யார் சொல்லி?"

"பெரிய டாக்டர் சொல்லி."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் டாக்டர், கண்கூட இமைக்காமல். "கேஸ் ஷீட்டில் இருக்கா பாருங்க."

பார்த்தார்கள். அன்று காலை எட்டு மணிக்குக் குமிழி எப்படி வந்தது, தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கியது என்று வரிவரியாக என் கையெழுத்தில் இருந்தது. பத்தரைக்கு 'எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்பட்டார்' என்று இருந்தது. யார் எதைப் போடச் சொன்னார்கள் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. டாக்டர் வாயால் சொல்வதும் நாங்கள் கையால் செய்வதும்தான் காலம் காலமாக நடந்த வழக்கம். அன்று சிரித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவர் காதிலும் ஒன்றும் விழவில்லையாம். சிரிக்க மட்டும் காது கேட்டிருக்கிறது.

ஏழுமலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. வார்டு பொறுப்பு என் தலையைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போனார்.

பாய்க்கு நினைவு திரும்பிய பிறகு மும்தாஜிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குமிழி நின்னா நல்லதுன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க?" என்றார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

மூன்று வாரம் கழித்து, அதே காலை ரவுண்டு. பஸ்ஸிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்த ஒரு பெண், டியூப் போட்டு இரண்டாம் நாள், குமிழி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. டாக்டர் நின்றார், பார்த்தார், சின்ன டாக்டரிடம் சொன்னார். "எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொல்லு. கிளாம்ப் பண்ணிக்கச் சொல்லு."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ட்ரோலியைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் கேஸ் ஷீட்டை எடுத்து, உத்தரவு எழுதுகிற பக்கத்தைத் திருப்பி, என் பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்து டாக்டரிடம் நீட்டினேன்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"குமிழி வர்ற டியூப்ப கிளாம்ப் போடச் சொல்லி எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒடனே போட்டுடறேன்."

பாட்டிலில் குமிழி உடைவது கேட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார். தாள்மேல் கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "பாட்டிலக் கீழ புடிச்சிக்கிட்டு அப்படியே போகச் சொல்லு" என்று சின்ன டாக்டரிடம் சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அந்தப் பெண்ணைக் கிளாம்ப் இல்லாமல் கொண்டுபோனோம், நானும் கூடவே போனேன். எல்லோரும் நான் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரை அந்த மனிதர் தெரியாமல் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதச் சொன்னதும் கை நின்றதே, அப்போதுதான் விளங்கியது. பாய்க்கு நடந்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார் என்றால், மறுபடியும் வாயால் அதையே சொல்லியிருப்பாரா? கிளாம்ப் போட்டால் என்ன ஆகும் என்று யூசுப் பாயின் கட்டிலருகே நின்று என்னைக் கிண்டல் செய்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.